நேற்று நன்றாகத்தானே இருந்தாய்? தன்னுடல் தாக்குநோயோடு வாழவும் துணை தேடிக்கொள்ளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

காலை 6 மணி. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முயன்றேன், முடியவில்லை. விரல்கள் மடங்க மறுத்தன. முந்தின நாள் மாலை அதே கைகளால்தான் இரண்டு வாளித் துணியைப் பிழிந்து உலர்த்தியிருந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?"

எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டுநோய்) வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கேள்வி காதில் விழாத மாதம் இல்லை. கேட்பவர்மேல் தப்பில்லை, நேற்று நன்றாகத்தான் இருந்தேன். வருவது, அடங்குவது, சொல்லாமல் மீண்டும் தலைதூக்குவது, இதுதான் தன்னுடல் தாக்குநோய்களின் குணம். எலும்பு முறிந்தவருக்குக் கையில் கட்டு இருக்கும், பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். நமக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. நோயைச் சமாளிப்பது ஒரு வேலை என்றால், நோய் இருக்கிறது என்று நம்பவைப்பது அதைவிடப் பெரிய வேலையாகிவிடுகிறது.

நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கும், அவர்களோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மருந்து பற்றிய முடிவுகள் உங்கள் மருத்துவருடையவை. அவரைப் பார்க்கும் 20 நிமிடம் போக மீதியிருக்கும் நாட்களை எப்படிக் கடத்துவது என்பதே இங்கே பேச்சு.

படி 1: உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு அழிப்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. தன்னுடையது எது, அயலானது எது என்று பிரித்தறிவதில் பிசகு ஏற்படும்போது அது சொந்தத் திசுக்களையே தாக்குகிறது. மூட்டின் உள்சவ்வைத் தாக்கினால் முடக்குவாதம். தைராய்டு சுரப்பியைக் குறிவைத்தால் ஹாஷிமோட்டோ அல்லது கிரேவ்ஸ் நோய். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்தால் முதல் வகை நீரிழிவு. கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளை வற்றவைத்தால் ஷோக்ரன் நோய். தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம் என்று எதையும் விட்டுவைக்காதது லூபஸ். இப்படி 80க்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ள இயற்கை இடம் கொடுக்காது என்று பால் எர்லிக் என்ற பெரும் விஞ்ஞானி கருதினார். அந்த எண்ணம் அரை நூற்றாண்டு அசையாமல் இருந்தது. முயல்களின் தைராய்டை வைத்து நோயல் ரோஸ், எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி இருவரும் செய்த சோதனைகள் 1956இல் வெளிவந்த பிறகுதான் அது ஆட்டம் கண்டது. விஞ்ஞானிகளுக்கே இவ்வளவு காலம் பிடித்த ஒன்றை, உங்கள் உறவினரோ மேலாளரோ ஒரே மாலையில் நம்பிவிட வேண்டும் என்று எதிர்பார்த்து மனம் நோகாதீர்கள்.

காரணம் கேட்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருங்கள். பரம்பரைக்கூறு ஓரளவு, சுற்றுச்சூழல் ஓரளவு. புகைபிடித்தல் முடக்குவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் லூபஸைக் கிளப்பிவிடுகிறது. லூபஸ் வந்தவர்களில் 10க்கு 9 பேர் பெண்கள். இவை தொற்றாது. யாரும் செய்த தவறுக்குத் தண்டனையாக வருவதும் இல்லை. கடைசி வாக்கியத்தை நோயாளி தனக்கே பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

படி 2: நோயின் பெயரை உறுதிசெய்துகொள்ளுங்கள்

என் நோய்க்குப் பெயர் கிடைக்க 2 ஆண்டுகள் ஆயின. முதலில் பார்த்த மருத்துவர் "வேலை அலுப்பு" என்றார். அடுத்தவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர்தான், காலையில் எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் என்றேன். அன்றைக்கே பாதை மாறியது. காலை விறைப்பு அரை மணி நேரத்தைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால் அது மூட்டு அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். வாதநோய் நிபுணரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க விழித்திருக்காதீர்கள். ஏஎன்ஏ என்ற இரத்தப் பரிசோதனை, லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் பாசிட்டிவாக வரும். ஆனால் பாசிட்டிவாக வந்த எல்லாருக்கும் லூபஸ் இருப்பதில்லை. 1:40, 1:80 போன்ற குறைந்த அளவுகளில் நோயே இல்லாத பலருக்கும் அது வருகிறது. முடக்குவாதத்தில் கதை வேறு மாதிரி: ஆர்எஃப், ஆன்டி சிசிபி என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டும் நெகட்டிவாக இருந்தும் நோய் இருக்கலாம். எண்ணையும் உடம்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் வீக்கம் வடிந்துவிடும். இது எல்லாருக்கும் நடப்பது. வீங்கிய அன்றே, தடிப்பு வந்த அன்றே கைபேசியில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆயிரம் சொற்களால் முடியாததை இரண்டு படங்கள் செய்தன.

படி 3: ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். விலையுயர்ந்த கருவியோ செயலியோ வேண்டாம். கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும். ஒரு நாளுக்கு நான்கு வரிக்குமேல் எழுதாதீர்கள். அதிகம் எழுத ஆரம்பித்தால் இரண்டாம் வாரமே அலுத்துவிடும்.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"செவ்வாய். தூக்கம் 5 மணி நேரம். விறைப்பு 70 நிமிடம். வலி 10க்கு 6. வலது மணிக்கட்டில் வீக்கம், படம் எடுத்தேன். சட்டைப் பொத்தான் போட உதவி தேவைப்பட்டது. மாலை 4க்குப் பிறகு அசதி, படுத்துவிட்டேன்."

பொத்தான் வரியைக் கவனியுங்கள். "வலி 6" என்பது ஆளுக்கு ஆள் மாறும். "பொத்தான் போட முடியவில்லை" என்பது யாருக்கும் புரியும். எதைச் செய்ய முடிந்தது, எது முடியவில்லை என்று எழுதுவதே உபயோகம்.

மூன்று மாதம் எழுதிய பிறகு பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அதிகமாக அலைந்த மறுநாள் நான் நன்றாகவே இருந்திருக்கிறேன். அதற்கும் மறுநாள்தான் விழுந்திருக்கிறேன். அதுவரை காரணமில்லாமல் வருகிறது என்று நினைத்திருந்த மோசமான நாட்களில் பாதிக்கு இப்படி ஒரு காரணம் இருந்தது. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், தூக்கமின்மையாக இருக்கலாம். ஒரு காரணமும் கிடைக்காமலும் போகலாம். நோய் சில சமயம் தானாகவே கிளம்பும். அப்போதும் "நான் என்ன தப்புச் செய்தேன்" என்ற தேடலையாவது நோட்டு நிறுத்திவைக்கும்.

படி 4: மருத்துவரிடம் "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள்

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் "பரவாயில்லை, டாக்டர்" என்று நம் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு சொல்லில் மூன்று மாத வேதனை காணாமல் போகும். அதற்குப் பதில், "போன மாதம் 30 நாளில் 12 நாள் காலையில் பொத்தான் போட முடியவில்லை" என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். கேள்விகள் மூன்றை முதல்நாளே எழுதி, முக்கியமானதை முதலில் வையுங்கள். ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் கேட்கத் தவறுவதை அவர் கேட்பார்.

பல உறுப்புகளைத் தொடும் நோய் என்றால் பல மருத்துவர்கள் இருப்பார்கள். எல்லா மருந்துகளையும் ஒருசேரப் பார்த்து முடிவெடுக்கும் தலைமை மருத்துவர் யார் என்று வெளிப்படையாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

படி 5: மருந்துகளை மரியாதையோடு நடத்துங்கள்

முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படும் மருந்து மெதோட்ரெக்சேட். இதை வாரத்துக்கு ஒரு முறைதான் சாப்பிட வேண்டும். பழக்கதோஷத்தில் தினமும் சாப்பிட்டவர்கள் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரிழந்திருக்கிறார்கள். ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, பெட்டியின்மேல் சிவப்பு மையில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கிழமையைச் சொல்லிவையுங்கள். ஃபோலிக் ஆசிட் கூடவே எழுதியிருப்பார்கள், அதை விடாதீர்கள். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைக் குறித்த தேதியில் செய்யுங்கள். வேறு நோய்க்கு வேறு மருத்துவரிடம் போகும்போது இந்த மருந்தின் பெயரைச் சொல்லாமல் இருக்காதீர்கள்: கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாடிக் இதனோடு சேர்ந்தால் ஆபத்து. அதேபோல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதையோபிரின் சாப்பிடுகிறவர்களுக்கு, யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபுரினால் ஆபத்து.

ஸ்டீராய்டு பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு, விஷம் என்றும் அமிர்தம் என்றும். 1948இல் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் அந்த ஆய்வுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நெடுநாள் சாப்பிட்டால் எலும்பு மெலிவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுவது, தொற்று எளிதாக வருவது ஆகியவை பிறகு தெரியவந்தன. இரண்டும் உண்மை. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: சில வாரங்களுக்குமேல் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு அதற்குள் மந்தமாகியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

பலர் மருந்தை விட்டுவிடுவது பக்கவிளைவால் மட்டும் அல்ல, பொறுமையின்மையாலும்தான். மெதோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்க 6 முதல் 12 வாரம் ஆகலாம். லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு இரண்டு, மூன்று மாதங்கள் அல்லது அதற்கு மேலும். பின்னதைச் சாப்பிடுகிறவர்கள் தொடக்கத்தில் ஒரு முறையும், 5 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பயாலஜிக் ஊசிகள் (எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு பகுதியைக் குறிவைத்து அடக்கும் மருந்துகள்) தொடங்குமுன் காசநோயும் ஹெபடைடிஸ் பியும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளோடு பொதுவாகப் போடுவதில்லை. எனவே தடுப்பூசிப் பேச்சை மருந்து தொடங்குமுன்பே எடுத்துவிடுங்கள்.

"ஒரே மாதத்தில் வேரோடு பிடுங்கிவிடலாம்" என்று சொல்லி மருந்து தருகிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பெயர் எழுதாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மூன்று நாளில் வலி பறந்துபோகும் அற்புதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தராத எதையும் வாயில் போடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

படி 6: தெம்பைச் சில்லறையாகச் செலவழியுங்கள்

நல்ல நாள் வந்ததும் தேங்கிய வேலை எல்லாவற்றையும் முடித்துவிடத் துடிப்போம். பிறகு மூன்று நாள் படுக்கை. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, நல்ல நாளில் செய்யும் வேலைக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். 20 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்று தொடங்கலாம். வலி வருமுன் உட்காருவதுதான் ஓய்வு. வலி வந்தபின் உட்காருவது தோல்வி மாதிரிதான் இருக்கும்.

அதற்காக அசையாமல் இருந்துவிடவும் கூடாது. நோய் அடங்கியிருக்கும்போது நடையும், தசையை வலுப்படுத்தும் மிதமான பயிற்சியும் அசதியைக் குறைக்கின்றன. இந்த அசதி தூங்கி எழுந்தாலும் போகாதது. "நானும்தான் களைத்துப்போகிறேன்" என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதுதான்.

படி 7: உதவியைப் பிரித்துக் கேளுங்கள்

முதல் ஐந்து ஆண்டுகள் நான் செய்த தவறு இது: நோயை எல்லாருக்கும் விளக்கிப் புரியவைத்துவிட்டால் உதவி தானாக வரும் என்று நம்பினேன். அறிக்கைகளைக் காட்டினேன், கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தேன், அழுதும் பார்த்தேன். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்றார்கள். "ஒன்றும் வேண்டாம்" என்றேன். உள்ளுக்குள் கோபம் வளர்ந்தது.

பிறகு ஒரு நாள், வேறு வழியில்லாமல், அக்காவிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுத்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு என்னோடு வர வேண்டும். அறிக்கைகளைத் தேதி வரிசையில் கோப்பில் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். நான்காம் மாதம் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "போன தடவை இந்த எண் குறைவாக இருந்ததே, ஏன் ஏறியிருக்கிறது?" என்று அவரே மருத்துவரிடம் கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் காலையில் என்னைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி மாறியிருந்தது: "இன்றைக்கு விறைப்பு எத்தனை நிமிடம்?"

விளக்கங்களால் புரியாதது ஒரு வேலையைக் கையில் கொடுத்ததும் புரிந்தது. அன்றிலிருந்து உதவியைத் துண்டு துண்டாகத்தான் கேட்கிறேன். "கொஞ்சம் உதவியாக இரு" என்பது யாருக்கும் பிடிபடாது. "செவ்வாயும் வெள்ளியும் காலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவது உன் பொறுப்பு" என்றால் பிடிபடும். எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன வேலை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு வருவதைக் கொடுங்கள். பேசப் பிடித்தவரிடம் பேச்சுத்துணை கேளுங்கள். பேசக் கூச்சப்படுகிறவரிடம் மருந்து வாங்கி வரச் சொல்லுங்கள். மறுப்பவரும் இருப்பார். வருத்தமாகத்தான் இருக்கும், அவரிடம் வேறு ஒரு சிறிய வேலையை வேறொரு நாளில் கேட்டுப் பாருங்கள்.

தினமும் விளக்குவதைத் தவிர்க்க எங்கள் வீட்டில் மூன்று நிற அட்டை வைத்திருக்கிறோம். பச்சை என்றால் வழக்கம்போல். மஞ்சள் என்றால் என் வேலையில் பாதியை மற்றவர் எடுத்துக்கொள்வார். சிவப்பு என்றால் நான் படுத்திருப்பேன், கேள்வி கேட்க வேண்டாம். அறைக் கதவில் அட்டையை மாற்றிவைப்பதோடு சரி. எந்த நிறத்துக்கு யார் என்ன செய்வது என்று பச்சை நாளில் உட்கார்ந்து பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்; சிவப்பு நாளில் அதைப் பேச முடியாது.

வேலையிடத்தில் நோயின் முழு வரலாறு தேவையில்லை. எது முடியும், எது முடியாது, எதை மாற்றினால் முடியும் என்று சொன்னால் போதும். "காலை விறைப்பால் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கி ஒரு மணி நேரம் தாமதமாக முடிக்க விரும்புகிறேன், ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்" என்று, மருத்துவரின் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதச் சோதனைக்கு ஒப்புக்கொள்வது மேலாளருக்கு எளிது.

இனி, அதே நோய் உள்ளவர்கள். வீட்டார் எவ்வளவு அன்பாக இருந்தாலும், "எனக்கும் அப்படித்தான்" என்று அவர்களால் சொல்ல முடியாது. அந்த இரண்டு சொற்களை முதன்முதலாகக் கேட்ட அன்று நான் வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன், நிம்மதியில். வாதநோய்ப் பிரிவின் செவிலியரிடம் கேட்டால், நோயாளிகள் கூடும் குழு இருக்கிறதா என்று சொல்வார். மே 10 உலக லூபஸ் நாள், ஜூலை 23 உலக ஷோக்ரன் நாள், அக்டோபர் 12 உலக ஆர்த்ரைடிஸ் நாள். இந்த நாட்களையொட்டி நோயாளிச் சங்கங்கள் கூட்டம் நடத்துவது வழக்கம், புதியவர்கள் போக நல்ல சமயம்.

முதல் இரண்டு கூட்டங்களில் வெறுமனே கேளுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் குழுவையும், எதையாவது விற்கும் குழுவையும் விட்டு உடனே விலகுங்கள். அடுத்தவருடைய மருந்தளவைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஊக்குவிக்கும் இடமும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் பயத்தோடு வெளியே வருகிறீர்கள் என்றால் அந்தக் குழு நல்லதாகவே இருந்தாலும் உங்களுக்கு இப்போது ஏற்றது இல்லை. பெரிய கூட்டத்தைவிட, உங்கள் நோயில் உங்களுக்கு மூன்று நான்கு ஆண்டு முன்னால் நடந்துகொண்டிருக்கும் ஒரே ஒருவர் கிடைத்தால் போதும்.

படி 8: மனத்தையும் சேர்த்தே காட்டுங்கள்

நீண்டகால வலியோடு மனச்சோர்வு வருவது மிகச் சகஜம். ஸ்டீராய்டும் தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டிப் போடும். இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, அந்த நேரமே ஒருவரிடம் சொல்லுங்கள். அதற்கு அட்டையும் வேண்டாம், முன்னேற்பாடும் வேண்டாம்.

படி 9: குழந்தை வேண்டும் என்றால் முன்பே சொல்லுங்கள்

இந்த நோய்களோடு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். திட்டம்தான் முக்கியம். லூபஸ் உள்ளவர்களிடம், நோய் குறைந்தது 6 மாதம் அடங்கியிருந்த பிறகு கருத்தரிக்கச் சொல்வார்கள். மெதோட்ரெக்சேட், மைக்கோஃபீனோலேட் போன்றவை கருவைப் பாதிக்கும், முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். கருச்சிதைவுக்கும் இரத்த உறைவுக்கும் காரணமாகக்கூடிய ஆன்டிபாஸ்போலிபிட் எதிரணுக்களும் (எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கி இரத்தத்தில் விடும் புரதங்கள்), குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய ஆன்டி ரோ எதிரணுவும் இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொள்ளலாம். முடக்குவாதம் கர்ப்பகாலத்தில் பலருக்கு அடங்கி, பிரசவத்துக்குப் பின் வரும் மாதங்களில் சீறும். குழந்தையைத் தூக்க இன்னொரு ஜோடிக் கைகளை அந்த மாதங்களுக்கு இப்போதே பேசி வையுங்கள்.

படி 10: காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும், பையில் ஓர் அட்டையும்

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, வலிப்பு, திடீரென்று பார்வை மங்குவது ஆகியவை அவசர சிகிச்சைக்கு உரியவை. ஒரே ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அது உங்கள் பழைய நோய் இல்லாமல் கிருமித் தொற்றாக இருக்கலாம். லூபஸ் உள்ளவர்கள் சிறுநீரில் நுரை, கணுக்கால் வீக்கம் இரண்டையும் கவனியுங்கள். சிறுநீரகம் வலிக்காமலே கெடும். அதனால்தான் நன்றாக இருக்கும்போதும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

ஓர் அட்டையில் உங்கள் நோயின் பெயர், மருந்துகளின் பெயரும் அளவும், எந்தக் கிழமை எந்த மருந்து, ஒவ்வாமை, தலைமை மருத்துவரின் எண், வீட்டில் ஒருவரின் எண் ஆகியவற்றை எழுதுங்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டால் "திடீரென நிறுத்தக் கூடாது" என்று பெரிய எழுத்தில் சேருங்கள். மேல் மூலையில் தேதி. ஒரு பிரதி உங்கள் பையில், இன்னொன்று உங்களுக்கு உதவும் ஒருவரிடம். என்னுடையது அக்காவின் பையில் இருக்கிறது. மருந்தின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதி, பழையதைக் கிழித்துவிடுங்கள்.